நூறைத் தொடாத கைப்பட்டை

"ஏங்க, நான் கடலுக்குப் போயிட்டு வரட்டுமா?"

ஜெசிந்தா வாசலில் நின்று உரக்கக் கேட்டாள். மணிக்கட்டில் இருந்த பட்டைக்குக் கேட்கவேண்டுமே! பெண்கள் முன்னேற்றத்துக்கு நிதி தரும் அறக்கட்டளை கட்டிவிட்ட பட்டை அது. தானாக முடிவெடுத்தால் எண் ஏறும், அனுமதி கேட்டால் இறங்கும். கடல்பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்தில் ஒருத்தி நூறைத் தொட்டாலே போதும், இந்த ஊர் முன்னேறிவிட்டது என்று நிதியையும் சங்கத்துக்குத் தந்த படகையும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

ஜெசிந்தா தொண்ணூற்றெட்டில் இருந்தாள். பாசி எடுக்கப் புதிதாக வந்திருக்கும் முனீஸ்வரிக்கோ வெறும் பதினொன்று. புருஷன் பேச்சை எடுத்தாலே தலை குனிந்துகொள்ளும் அந்தப் பெண், நேற்றுத்தான் படகில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள்.

கணவன் லூர்து மீசையை முறுக்கினான். "போகக் கூடாது. பொம்பளைக்கு எதுக்குக் கடலு?"

ஒரு காலத்தில் இதையே நிஜமாகச் சொன்னவன்தான். இப்போது நடிக்கவேண்டியிருந்தது. எண் தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது. சிரிப்பை அடக்க ஜெசிந்தா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அவன், தானே சமைத்துக் கட்டிய சோற்றுத் தூக்கை அவளிடம் நீட்டினான். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து, பட்டையை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, காதோடு கேட்டான்.

"புள்ளைய தூத்துக்குடிக்குப் படிக்க அனுப்புறதா வேணாமா? எனக்கு ஒண்ணும் ஓடல. நீ சொல்லு."

"அனுப்புறோம்."

அவன் கைக்கு அடியில் எண் அசையாமல் இருந்தது.