மாடி ஏறியவர்

சத்துவாச்சாரியில் இருந்த தன் வீட்டு ஹாலில், சுவரின் மேல்பக்கம் படிந்திருந்த ஈரத்தை ஜெயபுஷ்பம் காட்டினாள்.

முதலில் வந்த கான்ட்ராக்டர் நின்ற இடத்திலிருந்தே அண்ணாந்து பார்த்தார். "மொட்டமாடியே போச்சும்மா. மொத்தமா பேத்துட்டுப் புதுசா தட்டோடு போடணும்."

மறுநாள் வந்தவரும் அதையேதான் சொன்னார்.

மூன்றாவதாக வந்த நவநீதன் மாடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "மேல ஒரு விரிசல்கூட இல்ல மேடம். தண்ணி எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம நான் கை வைக்க மாட்டேன். வர்றேன்."

"இருங்க. ஒடுகத்தூர்ல நாங்க கட்டுற வீட்டுக்கு மாடி வேல உங்களுக்குத்தான்."

கணவர் கிருபானந்தம் திகைத்தார். "அப்போ இந்த ஒழுகலுக்கு இன்னா பண்றது?"

"ஒழுகவே இல்லங்க. ஒவ்வொருத்தர் வர்றதுக்கு முன்னாடியும் சுவத்துல தண்ணி அடிச்சது நான்தான்."