பின்வாசல் மண்

“இந்த எழவெடுத்த மீட்டருக்கு என்னதான் கேடு!”

பின்வாசலில் தோண்டிய குழிக்கு முன்னால் குத்தவைத்திருந்தவர், கருவியை ஓங்கித் தட்டினார். மலையடியில் யுரேனியம் கிடக்கும் ஊர் அது. அங்கே மண்ணில் இயற்கையாகவே எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவர் உத்தியோகம். தெரு முழுக்க அளந்தாகிவிட்டது. ஒரு வீட்டிலும் வம்பில்லை. சொந்த வீட்டுக்கு வந்தால் மட்டும் முள் கன்னாபின்னாவென்று ஏறுகிறது! இப்படியே போனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அதையும் அவர் கையாலேயே எழுதித் தொலைக்க வேண்டும்.

“பேட்டரியை மாத்திப் பாருங்களேன்,” என்றாள், பக்கத்தில் வெயிலுக்குக் குடை பிடித்து நின்ற மனைவி.

“அதெல்லாம் மாத்தியாச்சு! நீ வேற, சும்மா வாயைக் கெளறாத.”

“மீட்டர் மேல இருக்கிற கோவத்தை எம்மேல காட்டுங்க!” என்று குடையை அவரிடம் திணித்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். காலையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறாள்.

முள் சட்டென்று இறங்கியது.

“அப்பாடா! இறங்கிடுச்சு, ஓடி வா!”

வந்து குனிந்து பார்த்தாள். மறுபடி ஏறியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாடுபட்டுக் கட்டின வீடும்மா! இந்த மண்ணுக்கு எம்மேல அப்படி என்ன வயித்தெரிச்சல்?”

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்ன மகள், “அம்மா!” என்று பாய்ந்து வந்தாள்.

“கிட்ட வராதடீ!” மனைவி அலறிக்கொண்டு மதில் ஓரம் வரை பின்வாங்கினாள்.

“குழந்தைகிட்ட என்ன கத்தல்?” என்று சீறியவர், கருவியைப் பார்த்தார். முள் கீழே கிடந்தது.

மெல்ல எழுந்தார். குழியை விட்டு மனைவியை நோக்கி ஓரடி வைத்தார். முள் ஏறியது. இன்னோரடி வைத்தார். கருவி கீச்சிட்டது.

அப்படியென்றால் மண்ணில் ஒன்றுமில்லை! வீடு தப்பித்தது! சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார்.

“என்னடி இது கூத்து?”

“காலையில நான் அக்கா வீட்டுக்குப் போகலைங்க,” என்றாள் அவள், மதிலை விட்டு நகராமல். “ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு ஊசி போட்டாங்க. புத்துநோய் எலும்பு வரைக்கும் போயிருச்சான்னு ஸ்கேன்ல பாக்கணுமாம்.”