அச்சில் வராத வரி

மூன்றாவது முறையும் என் பெயர் இல்லாமல்தான் காகிதம் வெளியே வந்தது.

ருமியானாவின் அச்சுக்கடைத் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. கறுப்புக் கட்டம். என் மனைவி நெதியால்காவின் படம். வயது அறுபத்தொன்று, நாளை மூன்று மணிக்கு அடக்கம். கீழே, துக்கத்தோடு அறிவிப்பவர்கள்: கணவர் ராங்கெல், மகள் ஸ்லத்கா, மருமகன், பேரன்கள்.

காகிதத்தில் மகளிலிருந்து தொடங்கியது. என் வரி இருந்த இடத்தில் வெற்றிடம்கூட இல்லை. மகள் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த மெஷின் என் வீட்டுக்காரர் மாதிரி அண்ணே. சொன்னதுல பாதியக் கேக்கும், மீதிய முழுங்கிடும்" என்றாள் ருமியானா.

மைப்பெட்டியை எடுத்துக் குலுக்கிப் போட்டாள். காகித அளவை மாற்றினாள். ஓரங்களைக் குறைத்தாள். கடைசியில் உள்ளறையில் கிடந்த பழைய மெஷினுக்கு அனுப்பிப் பார்த்தாள்.

அதுவும் மகளிலிருந்துதான் தொடங்கியது.

நாற்பது காகிதம் வேண்டும். ஊர் வழக்கப்படி வீட்டுக் கதவு, தேவாலயச் சுவர், கல்குவாரி வாசல், பேருந்து நிறுத்தம், எல்லா இடத்திலும் இருட்டுவதற்குள் ஒட்டியாக வேண்டும். கணவன் உயிரோடு இருக்கிறான், காகிதத்தில் அவன் பெயர் இல்லை. பேருந்துக்கு நிற்கிறவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள்.

எனக்குத் தெரியும். நான் எழுத்துக் கற்றதே அந்த நிறுத்தத்தில்தான், நாற்பத்தாறு வயதில். வேலைக்குப் போகும் வண்டி வருகிறவரை, அங்கே ஒட்டியிருக்கும் சாவுக் காகிதங்களில் நெதியால்கா செத்தவர்களின் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டுவாள். நான் எழுத்துக்கூட்டுவேன்.

"பேசாம நான் பேனாவால எழுதிடறேனே."

"நாப்பதுலயுமா? தார் ஊத்துற கைண்ணே உங்களுது. நாப்பதுலயும் உங்க பேரு நாப்பது விதமா வந்து நிக்கும்." சிரிக்கப் போனவள் அடக்கிக்கொண்டாள். "இத யார் அடிச்சது?"

"அவதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே அடிச்சு வச்சிட்டா. தேதிய மட்டும் போட்டுக்கன்னா."

குவாரி அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள். ஒரு காற்புள்ளி இடம் மாறியது கிடையாது.

ருமியானா நாற்காலியை முன்னால் இழுத்து, திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கினாள். என் வரிக்கு அடியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஓடின. மற்ற வரிகளுக்கு இல்லை.

திரைக்கு இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா?"

"மெஷின்ல கோளாறு இல்லண்ணே." குரல் இறங்கியிருந்தது. "இது மறைச்சு வச்ச எழுத்து. திரையில தெரியும், அச்சுல வராது. தானா ஆகாது. அந்த வரிய மட்டும் புடிச்சு, ஒரு கட்டத்துல டிக் போடணும்."

நெதியால்கா என் பெயரை அழித்திருக்கலாம். அப்படியே விட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

"எடுத்துடறேண்ணே. ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரியாது."

விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். திரையில் அம்புக்குறி அந்தக் கட்டத்தின்மேல் போய் நின்றது.

நாற்பது போடு என்றேன். இருக்கிறபடியே.

எங்கள் மகன் பிளாமென் இருபத்திரண்டு வயதில் பைக் விபத்தில் போய்விட்டான். அதற்கு முந்திய இரண்டு வருடம் எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. அவனுடைய காகிதத்தில் என் பெயர் வேண்டாம் என்று நெதியால்காவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை, எல்லோருக்கும் மேலே போட்டிருந்தாள்: தந்தை ராங்கெல்.

நான் எழுத்துக் கற்று அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு போய், கதவு கதவாக, கம்பம் கம்பமாக, அந்த ஒரு வரியை மட்டும் சுரண்டினேன்.

அவள் கூடவே வந்தாள். ஒவ்வொன்றிலும் நான் சுரண்டி முடிக்கிறவரை நின்று பார்த்தாள்.