இரவல் நடை

பக்கவாதத்தில் கால் விழுந்துபோன தட்சிணாமூர்த்தி, வீடியோ கேம் ஆடி ஆடித்தான் மறுபடி நடக்கக் கற்றார். முப்பதாவது லெவலில் மாடிப்படியே ஏறிவிட்டார். இன்று மாலையோடு கேமை மூடுகிறோம், நடையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி செய்தி அனுப்பியது.

மனைவி கோமளம் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“விழுந்து எழுந்து கத்துக்கிட்டது அவருங்க. அது எப்படி உங்களுது ஆகும்?”

“நடை எங்களோடது மேடம். உபயோகிக்கத்தான் குடுத்தோம்,” என்றாள் கம்பெனிப் பெண், ரொம்ப மரியாதையாக. “விழுந்த காயமெல்லாம் உங்களோடதுதான். அதைக் கேக்க மாட்டோம்.”

கோமளம் போனை வைத்தாள். “சாயங்காலம் வரைக்கும் இருக்கே, தெருவுல ஒரு நடை போய்ட்டு வாங்களேன்.”

“நடுரோட்டுல பிடுங்கிட்டான்னா? நீயா தூக்கிட்டு வருவ?”

தட்சிணாமூர்த்தி தெரு தெரிகிற ஜன்னலாகப் பார்த்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.