மகிழினி வாங்கிய பொட்டி

"கம்ப்யூட்டர் பொட்டி ரொம்பப் பழசுண்ணே. அதான் அடிக்கடி நின்னுடுது. உள்ள இருக்குற டிஸ்க்கைக் கழட்டி புதுப் பொட்டில மாட்டிடலாமா? எல்லாம் அப்படியே வந்துடும்" என்றான், சர்வீஸுக்கு வந்த ஷிபின்.

திருவொற்றியூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் பீம்ராவ் பதறிப் போனார்.

"பொட்டிய மட்டும் மாத்தாத தம்பி! எம் பொண்ணு மகிழினி வாங்கியாந்தது. விண்டோஸு கிண்டோஸு இன்னா வேணா பண்ணிக்கோ."

"அப்ப இதுலயே பழைய விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசா 98 போட்டுடறேன். உங்க புக்கிங் எல்லாம் தனியா எடுத்து வெச்சிட்டேன். ஒண்ணும் போகாது."

"அது போனா போவட்டும்பா. பொட்டி பத்திரம்."

ஷிபினுக்குச் சிரிப்பு வந்தது. மதியத்துக்குள் வேலையை முடித்து சுவிட்சைப் போட்டான். விண்டோஸின் வழக்கமான இசை கேட்டது.

பீம்ராவ் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். அதே இசை.

"எங்கப்பா அந்தக் கொரலு? டெய்லி ஆன் பண்ணா, 'நைனா, சாப்ட்டியா?'ன்னு கேக்குமே?"

"ஓ, அதுவா? உங்க பொண்ணு பேசி விண்டோஸ்ல சேத்து வெச்சிருந்தாங்கண்ணே. அழிச்சதுல போயிடுச்சு. அவங்களைக் கூப்பிடுங்க, மறுபடி பேசச் சொல்லி ஒரே நிமிஷத்துல ஏத்திடலாம்."

பீம்ராவ் பொட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அவ செத்து எட்டு மாசம் ஆவுதுப்பா. இதுக்குள்ள தான் கீறான்னு நெனச்சிகினு இருந்தேன்."