இறக்கை வைத்த தவளை

அந்த வீடியோ கேமின் முதல் பாகத்தில் தவளைக்கு வழியில் இருக்கும் பள்ளத்தைக் குதித்துத் தாண்ட மட்டும்தான் தெரியும். ஒன்பதாம் பாகத்தில் அதற்கு இறக்கை வைத்து, துப்பாக்கி கொடுத்து, போதாக்குறைக்கு ஒரு பைக்கும் கொடுத்துவிட்டார்கள். பள்ளம் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது.

"என்னப்பா, எட்டிக்கூடப் பார்க்காம பறந்து போயிடறே?" என்றது பள்ளம்.

"நானா போறேன்? ஆடுறவங்க பறக்க விடறாங்க. கால் ரெண்டும் மரத்தே போச்சு," என்றது தவளை.

ஒருநாள் ஆட வந்த யாரோ ஒருத்தி, பள்ளத்தின் விளிம்பில் தவளையை நிறுத்தி இறக்கையைக் கழற்றினாள். குதிக்கும் பட்டனை அழுத்தினாள்.

பாதி தூரம்கூடத் தாண்டாமல் தவளை உள்ளே விழுந்தது. மூன்று உயிரில் ஒன்று போயிற்று.

"ஐயோ, அடி பட்டுச்சா?" என்று பதறியது பள்ளம்.

"சும்மா இரு," என்றது தவளை, மேலே பார்த்தபடி. "மறுபடியும் அமுக்குறாளான்னு பார்ப்போம்."