குறுக்குப் பலகை

முதல் படகைப் பார்த்ததுமே ரெத்தினம் வேண்டாமென்று தலையாட்டிவிட்டான்.

மீரா உசேனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நாகூரில், வெட்டாறு கடலைத் தொடப்போகும் இடத்தில், படகு செய்து விற்கிறவன் அவன். மூக்கு கூராக, ஒல்லியாக, ஆற்று மீன்பிடிக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்த ஃபைபர் படகு அது. துடுப்பைத் தொட்டால் போதும், பறக்கும்.

"எங்களுக்குப் பறக்க வேணாம் தம்பி," என்றான் ரெத்தினம்.

அடுத்தது பரிசல். ரெத்தினம் மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்ட கயிறு. பரிசலுக்குள் அதைக் குறுக்கே பிடித்துப் பார்த்தான். ஒரு சாண் இடித்தது. அதுவும் வேண்டாம்.

அவன் மனைவி அம்சம் கொஞ்சம் தள்ளி நின்றாள். குடவாசல் பக்கத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்தவர்கள். படகு அவளுடைய மகளிர் குழுவின் பேரில், அரசாங்க மானியத்தில் கிடைத்தது. ஆற்றில் வலை போடுவது அவன், கூடையில் சுமந்து விற்பது அவள். மீன் பெட்டியை எங்கே வைப்பது என்று அவள்தான் கேட்டிருக்க வேண்டும். அவளோ கயிற்றின் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு எதை எடுக்கிறார்களோ அதுதான். தப்பாக எடுத்துவிட்டு வந்து நின்றால் அவர்கள் தெருவுக்கு இன்னொரு படகு யாரும் தூக்கிக் கொடுக்கப்போவதில்லை.

மூலையில் மூன்றாவது ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இறால் குட்டையில் தீனி போடுவதற்காக யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுக்க வராமல் போன படகு. தட்டை அடி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி மொட்டை. அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ரெத்தினம் அதைத் தண்ணீரில் இறக்கச் சொன்னான். ஏறி நின்று மூங்கில் கழியை ஊன்றி, படகை நின்ற இடத்திலேயே அரைவட்டம் திருப்பினான். முன்பக்கம் பின்பக்கமாயிற்று. படகு அலுங்கவில்லை. மறுபடியும் திருப்பினான். மறுபடியும்.

"மீன் புடிக்கப் போறீங்களாண்ணே, ராட்டினம் சுத்தப் போறீங்களா?" என்று மீரா உசேன் சிரித்தான்.

ரெத்தினம் சிரிக்கவில்லை. படகைக் கரையில் இழுத்துப் போட்டு, கயிற்றை நீளவாக்கில் பிடித்தான். நடுவிலிருந்த குறுக்குப் பலகை தடுத்தது.

"இந்தப் பலகைய எடுத்துடுங்க."

"அதுல உக்காந்துதானண்ணே வலை இழுக்கணும். அத எடுத்துட்டா எங்க உக்காருவீங்க?"

அம்சம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினாள். பலகைக்கு அடியில் காலை நுழைத்து, மல்லாந்து படுத்தாள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்தாள். கைகளை நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள்.

மீரா உசேனின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர்கள் தெருவுக்குச் சுடுகாடு அக்கரையில் இருக்கிறது. பாலம் இல்லாமல் இல்லை. ஊர்த்தெரு வழியாகப் போனால் பத்தே நிமிடம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அம்சம் மீன் கூடையோடு தினமும் அந்த வழியாகத்தான் போகிறாள். வாசலில் நிறுத்திப் பேரம் பேசி வாங்குகிறார்கள். பிணமாக மட்டும் போகக்கூடாது.

பாதை கேட்டு இருபது வருடம் மனு கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மீன் பிடிக்கப் படகு வேண்டுமென்று எழுதினார்கள், மூன்றே மாதத்தில் கிடைத்தது.

போன ஐப்பசியில் ரெத்தினத்தின் அம்மா ராமாயி செத்துப்போனாள். ஆறு கரை தொட்டு ஓடியது. பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டிலிருந்து கால் முன்னால் போக வேண்டும், பாதி வழியில் பாடையைத் திருப்பித் தலை முன்னால் கொண்டுபோக வேண்டும், அதுதான் முறை. அவர்களுக்குப் பாதி வழி என்பது ஆற்று நடுவிலிருக்கும் மணல் திட்டு. அன்றைக்குத் திட்டு எங்கே இருந்தது? கழுத்தளவுத் தண்ணீர்தான் இருந்தது.

திருப்பாமலே போயிருக்கலாம். "இங்கதான் திருப்பணும்" என்றவன் ரெத்தினம்.

திருப்பும்போது ஒருவன் கால் இடறியது. பாடை சரிந்தது. ரெத்தினம் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். ஆனால் இரண்டு கையிலும் கொள்ளிச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். அதை வீசிவிட்டுப் பிடித்திருக்கலாம். கொள்ளி அணையக்கூடாதே என்று நின்றுவிட்டான், பாவி.

கொள்ளி அணையாமல் அக்கரை போய்ச் சேர்ந்தது. ராமாயி மூன்றாம் நாள், மூன்று மைலுக்குக் கீழே, மதகு ஷட்டரில் ஆகாயத்தாமரையோடு ஒதுங்கிக் கிடந்தாள்.

அவள் பாடையின் நீளம்தான் அந்தக் கயிறு.

படகுக்குள் அம்சம் கண்ணைத் திறந்தாள்.

"அத்தைக்கு அளவா இருந்திருக்கும். எனக்கும் போதும். உங்களுக்குத்தான் காலு இடிக்கும்."

மீரா உசேன் பலகையை அறுக்க ரம்பம் எடுத்துவரப் போனான்.